636001 பகா எண்ணா? சேலத்துப் பின்கோடு ஒன்றின் கணிதம்

கேள்வி இது: சேலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636001. 2-இல் தொடங்கி 31 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தாயிற்று. எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. அப்படியானால் இது பகா எண்தானே? பள்ளிக் கண்காட்சியில், செய்திகளை ரகசியமாக அனுப்ப உதவும் ஆர்எஸ்ஏ (RSA) மறைக்குறியீட்டை விளக்க இந்த எண்ணையே எடுத்துக்கொள்ளலாமா?

முதல் கேள்விக்குப் பதில், பகா எண் இல்லை. 636001 = 647 × 983. இரண்டாவதற்கு, எடுத்துக்கொள்ளலாம், பகா எண்ணாக இல்லாததால்தான் எடுத்துக்கொள்ள முடிகிறது. ஆர்எஸ்ஏவுக்கு வேண்டியது இரண்டு பகா எண்களின் பெருக்கல்தான். 647, 983 இரண்டும் பகா எண்கள். 647-ஐ 23 வரையும் 983-ஐ 31 வரையும் வகுத்துப் பார்த்தால் இது உறுதியாகிவிடும்.

31-இல் நிறுத்தியது ஏன் போதவில்லை? ஒரு பகு எண்ணின் மிகச் சிறிய பகாக் காரணி அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 636001-இன் வர்க்கமூலம் 797-க்கும் 798-க்கும் நடுவில் இருக்கிறது. ஆக 797 வரையுள்ள 139 பகா எண்களையும் பார்த்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும். 31 வரை பார்த்தால் போதும் என்பது 1369-க்குக் கீழே உள்ள எண்களுக்குத்தான், ஏனென்றால் அடுத்த பகா எண்ணான 37-இன் வர்க்கம் 1369. தேர்வு வினாக்களில் வருவது பெரும்பாலும் மூன்று இலக்க எண்கள் என்பதால் அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொள்கிறது. ஆறு லட்சத்துச் சொச்சம் அளவில் ஏறத்தாழ 13 எண்களுக்கு ஒன்றுதான் பகா எண். 31 வரை எதிலும் வகுபடாத எண்களை மட்டும் தனியே எடுத்தால் அந்த வாய்ப்பு 49 சதவீதத்துக்கு அருகில் வரும். அதாவது நீங்கள் நிறுத்திய இடத்தில் நிலைமை பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குச் சமம். 647 பகா எண் வரிசையில் 118-ஆவது. வரிசையாக வகுத்துக்கொண்டே போயிருந்தால் 117 முறை தோற்ற பிறகுதான் விடை கிடைத்திருக்கும்.

சேலத்து எண் இப்படி முரண்டு பிடிப்பதை அக்கம்பக்கத்து எண்களோடு ஒப்பிட்டால் நன்றாகத் தெரியும். 7 × 11 × 13 = 1001 என்பதால், ஆறு இலக்க எண்ணை மூன்று மூன்றாக வெட்டி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தாலே 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் சோதித்துவிடலாம். ஏற்காடு 636601: 636 − 601 = 35. 35 ஏழில் போகும், அதனால் 636601-உம் ஏழில் போகும். முழுதாகப் பிரித்தால் 7 × 199 × 457. தர்மபுரி 636701: 701 − 636 = 65, இது 13-இல் போகும்; 636701 = 13 × 48977. மேட்டூர் அணை 636401 இந்தச் சோதனையில் தப்பிவிடும் (636 − 401 = 235 = 5 × 47), ஆனால் இரண்டிரண்டாக வெட்டும் 101 சோதனையில் மாட்டிக்கொள்ளும்: 01 − 64 + 63 = 0. ஆகவே 636401 = 101 × 6301. சேலத்துக்கோ 636 − 001 = 635 = 5 × 127; 7, 11, 13 எதுவும் இல்லை. 101 சோதனையில் 01 − 60 + 63 = 4, அதிலும் இல்லை.

இங்கே பலர் வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு. மூன்று மூன்றாக வெட்டியதைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிடுவார்கள். 636 + 001 = 637 = 7 × 7 × 13. உடனே "ஏழிலும் போகும், பதிமூன்றிலும் போகும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கூட்டும் முறை 999-ஐ அடிப்படையாகக் கொண்டது, 999 = 27 × 37. ஆகவே அது 3, 9, 27, 37 ஆகியவற்றுக்குத்தான் செல்லும். 7, 11, 13-க்குக் கழித்தல்தான். 637-ஐ 37-ஆல் வகுத்தால் மீதி 8. அதனால் 636001-உம் 37-இல் போகாது. கூட்டல் சொல்லும் சேதி அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். 118 முறை வகுக்காமல் இந்த எண்ணைப் பிரிக்கப் பேனாவும் தாளும் போதும். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ஃபெர்மாவின் வழி அது. எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம்: அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ). ஆகவே வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணான 798-இல் தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து 636001-ஐக் கழித்து, மிஞ்சுவது முழு வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். 798² கொடுப்பது 803. 799² கொடுப்பது 2400. 49-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு, ஆசை காட்டிவிட்டுப் போகும். 800² கொடுப்பது 3999. இப்படியே 18-ஆவது அடியில் 815² = 664225, கழித்தால் 28224, அது 168-இன் வர்க்கம். 815 − 168 = 647, 815 + 168 = 983. முடிந்தது.

அந்தப் பதினெட்டையும்கூடச் செய்ய வேண்டியதில்லை. 636001-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 (கடைசி மூன்று இலக்கம் 001-ஐப் பார்த்தாலே தெரியும்). 4-ஆல் வகுத்தாலும் மீதி 1 என்பதால் அ இரட்டைப்படையாக இருக்கவே முடியாது. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கம் எப்போதும் 8-இல் மீதி 1 தரும், ஆகவே ஆ² எட்டின் மடங்கு, அப்படியானால் ஆ நான்கின் மடங்கு, ஆ² பதினாறின் மடங்கு. அடுத்து 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கக் கூட்டுத்தொகை 16, மீதி 1. வர்க்கங்கள் 3-இல் 0 அல்லது 1 மட்டுமே மீதி தரும் என்பதால் அ மூன்றின் மடங்காக இருக்கக் கூடாது, ஆ மூன்றின் மடங்காக இருந்தே ஆக வேண்டும். ஆ² ஒன்பதின் மடங்கு. இரட்டைப்படையையும் மூன்றின் மடங்குகளையும் நீக்கினால் 815 வரை மிஞ்சுபவை 799, 803, 805, 809, 811, 815 ஆகிய ஆறுதான். அவை தரும் வித்தியாசங்கள் முறையே 2400, 8808, 12024, 18480, 21720, 28224. இவற்றில் இலக்கக் கூட்டுத்தொகை ஒன்பதின் மடங்காக வருபவை 12024-உம் 28224-உம் மட்டும். 12024 பதினாறில் போகாது. 28224 = 16 × 1764, 1764 = 42². ஆகவே வர்க்கமூலம் 4 × 42 = 168. ஒரு வர்க்கமூலம்கூடக் கணக்குப் போட்டு எடுக்காமல் விடை வந்துவிட்டது.

ஃபெர்மாவே 1643-இல் காட்டிய எடுத்துக்காட்டு இதைவிடப் பெரியது: 2027651281 = 44021 × 46061. பத்து இலக்க எண். ஆனால் 45030-இல் தொடங்கினால் பன்னிரண்டாவது அடியில், 45041-இல், விழுந்துவிடும். எண் பெரிதா சிறிதா என்பதைவிட, காரணிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதுதான் இந்த முறையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இதே முறையை ஏற்காட்டு எண்ணுக்குப் போட்டால் 128 அடி போக வேண்டும் (முதலில் கிடைப்பது 457 × 1393), வகுத்தல் முறையிலோ நாலாவது பகா எண்ணிலேயே 7 கிடைத்துவிடும். மேட்டூருக்குப் போட்டால் 2404 அடி! 101-ஐ வகுத்துக் கண்டுபிடிக்க 26 அடி போதும். எனவே ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். எனக்குச் சரியென்று படும் வரிசை: முதலில் 1001, 101 போன்ற வெட்டுச் சோதனைகள், பிறகு நூறு வரை வகுத்தல், அதன்பின் ஃபெர்மாவில் ஒரு முப்பது அடி, அதிலும் வராவிட்டால் அடுத்துச் சொல்லப்போகும் முறை.

1974-இல் ஜான் பொல்லார்ட் வெளியிட்ட முறை அது. காரணியைப் பார்க்காமல், காரணியிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதைப் பார்க்கிறது. 647 − 1 = 646 = 2 × 17 × 19. எல்லாம் சின்னச் சின்ன எண்கள். 983 − 1 = 982 = 2 × 491; 491 பகா எண். இந்த வேறுபாடுதான் பூட்டைத் திறக்கிறது. பகா எண் ப என்றால், ப-ஆல் வகுபடாத எந்த எண்ணின் (ப − 1)-ஆம் அடுக்கும் ப-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம். அதனால் 2-ஐ முதலில் வர்க்கமாக்கி, வருவதைக் கனமாக்கி, அதை நாலாம் அடுக்காக்கி என்று 19-ஆம் அடுக்கு வரை போனால் (ஒவ்வொரு அடியிலும் 636001-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு), அடுக்கில் 17-உம் 19-உம் சேர்ந்துவிடும். அந்தக் கணத்தில் 647 அகப்படும். 491 சேராததால் 983 அகப்படாது. கிடைத்த மீதியிலிருந்து 1-ஐக் கழித்து 636001-உடன் மீப்பெரு பொதுக் காரணி எடுத்தால் 647 தனியாக வெளியே வரும். 18-ஆம் அடி வரை ஒன்றும் தெரியாது, 19-இல் சட்டென்று விழும்.

காரணி முன்பே தெரிந்திருப்பதால் குறுக்கு வழியில் சரிபார்க்கலாம். 647-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7. அத்தகைய பகா எண்ணுக்கு அடுக்கு (ப − 1)/2, அதாவது 323, போதும். 323 = 256 + 64 + 2 + 1. எட்டு முறை வர்க்கம், மூன்று முறை இரட்டிப்பு. 2³²³-ஐ 636001-ஆல் வகுத்தால் மீதி 346793. ஒன்றைக் கழித்தால் 346792. இனி யூக்ளிடின் வழி:

636001 − 346792 = 289209
346792 − 289209 = 57583
289209 − 5 × 57583 = 1294
57583 − 44 × 1294 = 647
1294 = 2 × 647

ஐந்தே வரி. கண்காட்சியில் இதைச் சார்ட்டில் எழுதி வைத்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாங்கள் படித்த யூக்ளிட் வழிமுறை எதற்குப் பயன்படுகிறது என்பது நேரடியாகப் புரியும். இந்த முறை சொதப்பும் இடங்களில் ஒன்று: இரண்டு காரணிகளும் ஒரே அடியில் அகப்பட்டுவிட்டால் மீப்பெரு பொதுக் காரணி 636001 என்றே வந்து நிற்கும். அப்போது 2-க்குப் பதில் வேறோர் எண்ணில் தொடங்கிப் பார்க்க வேண்டும். நம் எண்ணில் அந்தத் தொல்லை இல்லை.

காரணியே வேண்டாம், பகு எண் என்று தெரிந்தால் போதும் என்றால் அதற்கு இன்னும் சுருக்கமான வழி உண்டு. 636001 பகா எண்ணாக இருந்தால் 2⁶³⁶⁰⁰⁰-இன் மீதி 1 வர வேண்டும். 636000 இருமத்தில் 20 இலக்கம், அவற்றில் எட்டு ஒன்றுகள். ஆகவே 19 வர்க்கம், 7 இரட்டிப்பு. வரும் மீதி 631253. ஒன்று இல்லை, ஆகவே பகு எண். இந்தச் சோதனை ஏமாற்றக்கூடியது என்பார்கள், உண்மைதான். 2-க்குப் பதில் வேறு சில எண்களை அடிப்படையாக எடுத்தால் பகு எண்ணுக்கும் மீதி 1 வந்துவிடும். 636001-க்கு அப்படி ஏமாற்றும் அடிப்படைகள் மொத்தம் நான்கே நான்கு: 1, 177924, 458077, 636000. (647 − 1-க்கும் 636000-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 2, 983 − 1-க்கும் 2, இரண்டையும் பெருக்கினால் 4.) 1-ஐயும் 636000-ஐயும் யாரும் அடிப்படையாக எடுக்கப் போவதில்லை. ஆறு லட்சத்தில் மீதி இரண்டைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுவது நடக்கிற காரியமா?

அந்த இரண்டும் வெறும் பொய்யர்கள் அல்ல, உளவாளிகள். 177924-இன் வர்க்கத்தை 636001-ஆல் வகுத்தால் மீதி 1, ஈவு 49775. பகா எண்ணில் 1-க்கு வர்க்கமூலம் +1, −1 இரண்டே. இங்கே மூன்றாவதாக ஒன்று முளைத்திருப்பதே குட்டை உடைத்துவிடுகிறது: 177923 = 983 × 181, 177925 = 647 × 275. அப்படி ஒரு மூலத்தைக் கண்டுபிடிப்பதும் எண்ணைக் காரணிப்படுத்துவதும் ஒரே வேலைதான். 1979-இல் மைக்கேல் ராபின் அமைத்த மறைக்குறியீட்டின் பாதுகாப்பே இந்த உண்மையின் மேல் நிற்கிறது. அதற்கு வசதியான எண்கள், இரண்டு காரணிகளும் 4-இல் மீதி 3 தருபவை. மானுவேல் புளூம் பெயரால் புளூம் எண்கள் எனப்படுகின்றன. 647-உம் 983-உம் 4-இல் மீதி 3 தருகின்றன. ஆக சேலத்துப் பின்கோடு ஒரு புளூம் எண்.

அதனால் இன்னொன்றும் சொல்லிவிடலாம். 4-இல் மீதி 1 தரும் பகா எண்களை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும் என்று படித்திருப்பீர்கள். 636001-உம் 4-இல் மீதி 1 தருகிறது. ஆனாலும் எழுத முடியாது. காரணி ஒவ்வொன்றும் 4-இல் மீதி 3, ஒவ்வொன்றும் ஒரு முறைதான் வருகிறது. இது ஒன்றே தடை. கணினியில் தேடினாலும் அகப்படாது. மூன்று வர்க்கங்கள் என்றால் தடையில்லை: 636001 = 796² + 48² + 9².

தசம விரிவில்தான் இந்த எண் என்னை வியக்க வைக்கிறது. 1/647-இன் தசம இலக்கங்கள் 646 இலக்கத்துக்கு ஒரு முறை திரும்ப வரும். ஒரு பகா எண்ணுக்குச் சாத்தியமான மிக நீண்ட சுழற்சி அதுதான். 1/983-க்கும் அப்படியே, 982 இலக்கம். 1/7-இன் 142857 சுழற்சியைத் தெரிந்தவர்களுக்கு இது அதே இனம் என்று விளங்கும். இந்தக் குணம் எல்லாப் பகா எண்களுக்கும் கிடையாது. 1/13-க்கு 12 வர வேண்டிய இடத்தில் 6-தான் வரும். இங்கே இரண்டு காரணிகளுமே அந்த இனமாக அமைந்துவிட்டன. 1/636001-இன் சுழற்சி நீளம் 646, 982 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு, 317186 இலக்கம்.

983-க்கு இன்னொரு பெருமையும் உண்டு. 491 பகா எண், அதன் இரண்டு மடங்கோடு ஒன்று சேர்ந்த 983-உம் பகா எண், 491-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. இந்த மூன்றும் ஒன்றுகூடினால் 2⁴⁹¹ − 1 என்ற எண் 983-ஆல் வகுபட்டே தீரும். 2⁴⁹¹ − 1 என்பது 148 இலக்க எண். அதை எழுதிக்கூடப் பார்க்காமல் அதன் ஒரு காரணியைச் சொல்லிவிடலாம்.

காரணிகள் இரண்டே என்பதால் வகுத்திகள் 1, 647, 983, 636001 ஆகிய நான்கு. தன்னை விட்டுவிட்டுக் கூட்டினால் 1631-தான். ஓர் அடி இந்தப் பக்கம் 636000 = 2⁵ × 3 × 5³ × 53; அதற்கு 96 வகுத்திகள். இன்னோர் அடி தள்ளி 635999 = 7 × 13 × 29 × 241. பக்கத்து வீட்டு எண்களின் குணத்தை வைத்து ஓர் எண்ணைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு இந்த மூவர்.

கண்காட்சிக்கு வருவோம். ஆர்எஸ்ஏவில் பொது எண் 636001. ரகசியமாக வைக்க வேண்டியது 647, 983. 646 × 982 = 634372. மறைக்கும் அடுக்காக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது 634372-உடன் பொதுக் காரணி எதுவும் இல்லாததாக இருக்க வேண்டும். வழிகாட்டிகளில் 17-ஐத்தான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். இங்கே 17 உதவாது! 646-லேயே 17 இருக்கிறது. 17-ஆம் அடுக்குப் போட்டால் பல வேறு செய்திகளுக்கு ஒரே மறை எண் வந்துவிடும், திரும்ப எடுக்க வழியே இருக்காது. 19-உம் அப்படியே. 3 செல்லும். அதற்கு இணையான திறப்பு அடுக்கு: 646, 982 இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 317186, அதனுடன் 1 சேர்த்து 3-ஆல் வகுத்தால் 105729. (634372-ஐ வைத்துக் கணக்குப் போட்டு 422915 என்று எடுத்தாலும் சரியே, வேலைதான் கூடுதல்.)

செய்தி 100 என்றால் கனம் 1000000, மீதி 363999. அதை அனுப்ப வேண்டும். பெறுபவர் 363999-ஐ 105729-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 636001-இல் மீதி எடுத்தால் 100 திரும்பி வரும். 105729 = 65536 + 32768 + 4096 + 2048 + 1024 + 256 + 1 என்பதால் 16 வர்க்கம், 6 பெருக்கல், மொத்தம் 22 கணக்கு. கடைகளில் பில் போடும் 12 இலக்கக் கால்குலேட்டர் இதற்கு மிகச் சரியாகப் பொருந்தும், ஏனென்றால் நடுவில் வரக்கூடிய மிகப் பெரிய பெருக்கல் 636000² = 404496000000, சரியாக 12 இலக்கம். 10 இலக்கம் மட்டும் காட்டும் கால்குலேட்டரில் கடைசி இலக்கங்கள் உதிர்ந்துவிடும். மீதி தப்பாகும், அதன் பிறகு வருவதெல்லாம் குப்பை. மீதி எடுக்கும்போது வகுத்து வந்த ஈவின் முழுப் பகுதியை மட்டும் குறித்துக்கொண்டு, அதை 636001-ஆல் பெருக்கிக் கழியுங்கள். தசமப் பகுதியை 636001-ஆல் பெருக்கி மீதி எடுக்கும் குறுக்கு வழியில் முழுமையாக்கல் பிழை புகுந்துவிடும்.

எந்த எண்ணைச் செய்தியாகத் தருவது என்பதிலும் கவனம் வேண்டும். அ-வுக்கு 1, ஆ-வுக்கு 2 என்று எழுத்துகளுக்குச் சின்ன எண் கொடுத்துத் தனித்தனியே மறைத்தால், அனுப்புவது வெறும் கன எண்களாக இருக்கும். பார்க்கிற பிள்ளை 27-ஐக் கண்டதும் 3 என்று சொல்லிவிடும். 85 வரை இதே கதி, 85³ = 614125 இன்னும் 636001-ஐத் தொடவில்லை. 86-இல்தான் முதன்முதலாகச் சுற்றி வருகிறது: 86³ = 636056, மீதி 55. ஆகவே எழுத்துகளைச் சேர்த்து நாலைந்து இலக்க எண்களாக்கி அனுப்புங்கள். 647 அல்லது 983-இன் மடங்காகச் செய்தி அமைந்துவிட்டால், மறைத்த எண்ணுக்கும் 636001-க்கும் மீப்பெரு பொதுக் காரணி எடுத்தே ரகசியத்தைப் பறித்துவிடலாம். பூஜ்யத்தை விட்டுவிட்டால் அப்படிப்பட்ட செய்திகள் 1628 உண்டு, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

இது விளக்கத்துக்கான பொம்மைதான் என்பதைச் சார்ட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். உண்மையான பயன்பாட்டில் 617 இலக்க எண்கள் புழங்குகின்றன. ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண்ணைப் பல கணினிகளைப் பூட்டி 2020-இல் காரணிப்படுத்தினார்கள். அந்த எண்களைத் தயாரிக்கும்போதும் காரணிகள் ஒன்றுக்கொன்று மிக அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்வார்கள், ஃபெர்மாவின் வழியை அடைக்க. 647 போல, ஒன்றைக் கழித்ததும் சின்னக் காரணிகளாக உதிர்ந்துபோகும் எண்ணைவிட 983 போல, ஒன்றைக் கழித்தாலும் பெரிய பகா எண் மிஞ்சுவதைத் தேடுவதும் உண்டு.

பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்க ஒரு கணக்கு: அஸ்தம்பட்டியின் 636007. மூன்று மூன்றாக வெட்டிக் கழித்தால் 629 = 17 × 37; ஆனால் 17, 37 எதிலும் இந்த எண் போகாது, 1001-இல் அவை இல்லையே! வகுத்தல் வழியில் போனால் 157-இல் விழும், 157 × 4051. ஃபெர்மாவின் வழியில் எத்தனை அடி ஆகும் என்று கேளுங்கள். 157-க்கும் 4051-க்கும் நடுப்புள்ளி 2104, வர்க்கமூலம் 797 சொச்சம், 1307 அடி.